அதுவாத் தேடும்

“எழுத்தெல்லாம் வரிசையா வந்திருக்கு. நான் சொன்னதுதான் வரல. நீ டீச்சராப் போயி பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுக்கப்போறே?”

நான் எழுதிக் கொடுத்த முதல் கடிதத்தை வாசிக்கக் கேட்டுவிட்டு மதினி இப்படிச் சொன்னாள். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பேனா பிடித்ததில்லை. அப்பா தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்குகிறவர். கையெழுத்துக் கேட்டால் மருந்துக் கறை படிந்த கட்டைவிரலை நீட்டுவார். அம்மா பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுகிறவள். ஒருமுறை முதலாளி பஸ்ஸுக்கு வேறு பெயிண்ட் அடித்துவிட்டதால் அன்றைக்கு முழுவதும் சாத்தூருக்கே போக முடியவில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து, எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசிக்குப் போய்ப் படித்து, தமிழில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்தேன். டீச்சராவது என்று ஆறாம் வகுப்பிலேயே முடிவு செய்து தெரு முழுக்க அறிவித்தும் இருந்தேன். தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவள் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்?

மதினி எங்களுக்குச் சொந்தமில்லை. எதிர்வீட்டு அண்ணனின் பெண்டாட்டி, அதனால் மதினி. அண்ணன் ஆந்திராவில், பெஜவாடாவில் இருந்தார். சிவகாசியிலிருந்து போகிற தீப்பெட்டி லோடுகளை இறக்கி அடுக்கும் கம்பெனிக் கிட்டங்கியில் காவல் வேலை. மதினி மாமியாரோடு இங்கே இருந்துகொண்டு, வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். அவளுடைய வலது ஆட்காட்டி விரலில் எந்நேரமும் பசை இருக்கும். முக்கியமாக ஏதாவது சொல்லவேண்டுமானால் அந்த விரலைத் தூக்குவாள். பசை காய்வதற்குள் மறுபடி பெட்டியில் வைத்தாகவேண்டும் என்பதால் பேச்சு சுருக்கமாக இருக்கும்.

அந்த முதல் கடிதத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: “தங்களைக் காணும் அவா மேலிட, தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்நோக்கியிருக்கிறேன்.”

“அவாவா? அதென்ன புள்ள, கொட்டாவி விட்டாப்புல?”

“ஆசைன்னு அர்த்தம் மதினி.”

“நான் ஆசைன்னும் சொல்லலியே. சரி, மேல வாசி. அங்கன என்ன, ஆவலாதின்னா எழுதியிருக்கே? நான் எப்ப அவரு மேல ஆவலாதி சொன்னேன்?”

எங்கள் பக்கத்தில் ஆவலாதி என்றால் புகார். நான் பொறுமையாக விளக்கினேன். “ஆவலாதி இல்ல மதினி. ஆவல்.”

“ரெண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைக மாதிரித்தான இருக்கு! அந்த மனுசன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரு. ஆவன்னா, வன்னான்னு வந்ததுமே பொண்டாட்டி குறை சொல்ல ஆரம்பிச்சிட்டான்னு கடுதாசிய மடிச்சு டவுசர் பையில வச்சிருவாரு.”

“அப்ப நீங்க என்னதான் சொன்னீக?”

“வந்துட்டுப் போனா நல்லாருக்கும்னு சொன்னேன். அம்புட்டுத்தான்.”

அவ்வளவு மொட்டையாக எழுதினால் என் படிப்புக்கு என்ன மரியாதை? ஆனாலும் அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். அதன்பிறகு எந்தக் கடிதத்தையும் வாசித்துக் காட்டாமல் ஒட்ட விடமாட்டாள்.

ஒன்று வேண்டும் என்று மனம் கேட்பதற்கு எத்தனை சொற்கள் உண்டோ, அத்தனைக்கும் மதினியிடம் தனித்தனி இடம் இருந்தது. மற்ற விஷயங்களில் அவள் அப்படியொன்றும் கறார் இல்லை. செவ்வாய்க்கிழமையைப் புதன் என்பாள். என் அக்கா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவாள். ஆனால் ஆசை என்று சொல்லவேண்டிய இடத்தில் பிரியம் என்று சொல்லிவிட்டால் பசை விரல் மேலே போய்விடும்.

சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு சேலைக்காரர் ஒருவர் வருவார். ஒருநாள் அரக்குப் பச்சையில் ஒரு சேலையை மதினி முன்னால் விரித்தார்.

“எப்படி இருக்கு தாயி?”

“ரொம்ப ஆசையா இருக்கு.”

“அப்ப மடிச்சுக் குடுத்துரவா?”

“வேணாம்.”

“இப்பத்தான ஆசையா இருக்குன்னீக?”

“ஆசை கண்ணுக்கு. வேணுங்கிறது ஒடம்புக்கு. எங்கிட்ட நாலு சேலை இருக்கு. எனக்கு வேணாம். ஆசை மட்டும் பட்டுக்கிறேன், செத்த நேரம் அங்கன விரிச்சே வையிங்க.”

அவரும் விரித்தே வைத்தார். மதினி பெட்டி ஒட்டிக்கொண்டே அரைமணி நேரம் அந்தச் சேலையைப் பார்த்தாள். பிறகு, “போதும்ணே, மடிச்சிருங்க,” என்றாள். சேலைக்காரர் என்னைப் பார்த்து, “இந்தம்மாவுக்கு வெவரம் கூடவா, கொறையவா?” என்று கேட்டார். எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

என் விஷயத்திலும் வந்து புகுந்தாள். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற பெண் மூடியில் தங்கக் கம்பி போட்ட மைப்பேனா வைத்திருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பேனா மேல் எனக்கிருப்பது அறிவு வேட்கை என்று அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். மதினி தெருவுக்கு அந்தப் பக்கமிருந்தே குரல் கொடுத்தாள்.

“வேட்கையுமில்ல, வேட்டையுமில்ல. அது கொதி. பக்கத்து எலையில விழுந்த வடையப் பாக்கிற கொதி. அந்தப் புள்ள பேனாவத் தொலைச்சிட்டான்னா ஒனக்கு அடங்கிரும் பாரு.”

அடுத்த வாரம் அந்தப் பெண் பேனாவை பஸ்ஸில் தொலைத்துவிட்டு அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். மதினிக்கு இதைச் சொல்லவில்லை. அம்மா சொல்லிவிட்டாள்.

பள்ளி இறுதித் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் அந்தக் கடிதம் எழுதினோம். அண்ணன் ஊருக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. மதினி ஐந்தாறு பெட்டி ஒட்டி முடித்தாள். பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“எழுது. அத்தைக்கு ஒங்களத் தேடுது. தெருவுக்கே தேடுது. எனக்கும் தேடுது.”

ஒருவரைப் பார்க்காமல் மனசு ஏங்கினால் எங்கள் பக்கத்தில் ‘தேடுது’ என்போம். ஆனால் எனக்கு இலக்கணம் தலைக்கேறியிருந்த சமயம். “தேடுதுன்னா யாரு தேடுறது மதினி? எழுவாய் வேணும்ல?”

“எழுவா யாரு? அவ எதுக்கு இதுல?”

“எழுவாய்னா, தேடுற ஆளு.”

“ஆளு யாரும் தேடல புள்ள. அதுவாத் தேடும்.”

எழுவாய் இல்லாத வாக்கியத்தை என் கையால் எழுத எனக்கு மனம் வரவில்லை. திருத்தி எழுதினேன்: “தங்கள் தாயார் தங்களைத் தேடுகிறார். ஊரே தங்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. நானும் தேடுகிறேன். உடனே புறப்பட்டு வரவும்.” எழுவாய், பயனிலை, முற்றுப்புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வழக்கம்போல வாசித்துக் காட்டச் சொன்னாள். காகிதத்தைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அவள் என்ன சொன்னாளோ அதையே மனப்பாடமாகச் சொன்னேன். “தேடுது, தேடுது, எனக்கும் தேடுது.” அவள் தலையாட்டிவிட்டு, தன் விரல் பசையாலேயே உறையை ஒட்டிக் கொடுத்தாள். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் மோசடி அது.

பெஜவாடாவில் என்ன நடந்தது என்று புரிய ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும். அதற்கு முந்தின ஆடியில் அண்ணன் இருக்கன்குடிக்குச் சாமி கும்பிடப் போய்விட்டு, கூட்டத்தில் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். புத்தம்புதிய தோல் செருப்பு. அடியில் லாடம் அடித்திருந்தது. “இது ஏட்டையா செருப்புல்ல! போலீசுக்காரகதான் இப்படி லாடம் அடிப்பாக,” என்று தெருவில் எல்லாரும் கேலி செய்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் இயல்பிலேயே பயந்தவர். அந்தச் செருப்போடுதான் பெஜவாடாவுக்கு ரயிலேறினார்.

நான் எழுதிய கடிதம் போய்ப் பதினைந்து நாள் கழித்து, ஆளை எதிர்பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்குத் தபால்காரர் ஒரு பார்சலைக் கொண்டுவந்தார். தெலுங்குப் பேப்பரில் சுற்றி, சணல் போட்டுக் கட்டியிருந்தது. மதினி பிரித்தாள். உள்ளே செருப்பு. கூடவே ஒரு சீட்டு. அதை நான்தான் வாசிக்கவேண்டும்.

“ஊரே என்னைத் தேடுவதாக எழுதியிருந்ததைப் படித்துக் கொண்டேன். சாமி சத்தியமாக நான் வேண்டுமென்று எடுக்கவில்லை. செருப்பை ஏட்டையாவிடம் பத்திரமாகச் சேர்த்துவிடவும். இடதுகால் வார் மட்டும் கொஞ்சம் இளகியிருக்கிறது, அது என்னால்தான். இந்த வருசம் ஊர்ப் பக்கம் வருவதாக இல்லை. போலீசார் அம்மாவையுமா விசாரித்தார்கள்?”

வாசிக்க வாசிக்கவே என் குரல் இறங்கிவிட்டது. மதினி செருப்பையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“ஏ புள்ள. ஊரே தேடுதுன்னா எழுதுனே?”

“தேடிக்கொண்டிருக்கிறதுன்னு எழுதுனேன்.”

“யாரு தேடுறா?”

“ஊரு.”

“ஆளு வரும்னு நான் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு உக்காந்திருக்கேன். நீ செருப்ப வரவச்சிருக்கே.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. செருப்பை எடுத்துக்கொண்டுபோய்த் தன் வாசலில், ஆள் வந்து கழற்றிப் போட்டது போலவே வைத்தாள். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாரும், “அண்ணன் வந்துட்டாரா? எப்ப வந்தாரு?” என்று நின்று விசாரித்தார்கள். மதினி பசை விரலை என் வீட்டுப் பக்கம் நீட்டுவாள். “அங்கன கேளுங்க. படிச்சவுகளுக்குத்தான் தெரியும்.” நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தேர்வுக்குப் படித்தேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு இருக்கன்குடிக்குப் போனாள். அம்மன் முன்னால் நெடுநேரம் நின்றவளைப் பார்த்துப் பூசாரி கேட்டார்: “என்னம்மா வேண்டுதல்?”

“வேண்டுதல் ஒண்ணுமில்ல சாமி. ஒரு ஆவலாதி. இந்தப் புள்ள மேல.”

பூசாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே திருநீறு பூசினார்.

வீட்டுக்கு வந்ததும், “எடு காயிதத்த,” என்றாள் மதினி. “நான் சொல்றத, நான் சொல்றாப்புலயே எழுது. ஏட்டையா தேடல. ஊரு தேடல. எனக்குத்தான் தேடுது. அதுவாத் தேடுது. வேற ஒண்ணும் எழுதிராத.” ஒரு புள்ளி மாறாமல் எழுதினேன். எழுவாய் இல்லாமலே அந்த வாக்கியம் நேராக நிற்பதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது.

பத்தாவது நாள் அண்ணன் வெறுங்காலோடு பஸ்ஸைவிட்டு இறங்கினார். மதினி எழுந்து போய் வரவேற்கவில்லை. செருப்பைக் காட்டி, “போட்டுக்கங்க, வெயில் சுடும்,” என்றாள். கிட்டங்கிக்குப் பின்னால் குடும்பத்தோடு இருக்க ஒரு அறை கேட்டிருப்பதாகவும், கிடைத்ததும் எல்லாரையும் கூட்டிப்போவதாகவும் அண்ணன் சொன்னார்.

தேர்வு முடிந்து, முடிவும் வந்தது. தேறிவிட்டேன். அப்பா தெருவுக்கே கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அத்தோடு படிப்பு முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். பயிற்சிப் பள்ளிக்கு மனுப் போடவேண்டும் என்று நான் இரண்டு முறை சொன்னேன். “ஆசைப்பட்டது போதும் தாயி. பதினோரு வருசம் படிச்சாச்சுல்ல,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் எனக்குச் சண்டை போடவும் தெரியவில்லை. மதினியோடு உட்கார்ந்து பெட்டி ஒட்டினேன். லேபிளில் இருந்த மயிலை எல்லாம் தலைகீழாக ஒட்டினேன். “மயிலுக்குக் கிறுகிறுப்பு வந்துரும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு மதினி அவற்றைப் பிரித்துச் சரியாக ஒட்டினாள்.

ஆனி மாதத்தில் சாத்தூர் அத்தை, அப்பாவின் அக்கா, தன் மகனுக்கு என்னைக் கேட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்கு அங்கே சோடாக் கடை. நல்ல மனிதர். வந்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு மதினிதான் வந்தாள்.

அத்தை என் கன்னத்தைத் தடவிக் கேட்டாள். “ஏத்தா, ஒனக்குச் சம்மதந்தான?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் தலையைக் குனிந்துகொண்டு, “சம்மதம்,” என்றேன்.

காப்பித் தட்டு நின்றுவிட்டது.

“சம்மதமாமே,” என்றாள் மதினி. “அம்மை குத்துறதுக்குக்கூடத்தான் சம்மதம்னு கைய நீட்டுறோம்.”

அம்மா பதறிப்போனாள். அத்தை சமாளித்தாள். “என்ன தாயி இப்படிச் சொல்றே? சம்மதம், விருப்பம், ஆசை, எல்லாம் ஒண்ணுதான?”

எல்லாம் ஒன்றுதான் என்று மதினியிடம் சொல்லக்கூடாது. அத்தைக்கு அது தெரியாது. மதினி தட்டைக் கீழே வைத்துவிட்டு விரலைத் தூக்கினாள். அன்றைக்கு அதில் பசைகூட இல்லை.

“தம்பி, நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு இந்தப் புள்ள மேல ஆசையா?”

அவர் காலண்டரிலிருந்து பார்வையை எடுத்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். “அப்படின்னு இல்லக்கா. சோடா ஓடுற சீசன் முடிஞ்சிருச்சு. ஆடி பெறந்துட்டா முகூர்த்தம் கெடையாது. அதான், இப்பமே முடிச்சா நல்லதுன்னு அம்மா சொன்னாக.”

“அது தோது,” என்றாள் மதினி. “இவளுது சம்மதம், ஒங்களுது தோது. ரெண்டுல ஒண்ணாவது ஆசையா இருந்தா நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன்.”

அறை கிடைத்துக் குடும்பத்தைக் கூட்டிப்போக வந்திருந்த அண்ணன் வாசலில் நின்றபடி, எதற்கும் தயாராகச் செருப்பை மாட்டிக்கொண்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தது; ஆனால் கேள்வி கோபமாக வரவில்லை.

“அப்ப ஒனக்கு என்னதான் வேணும் தாயி?”

எனக்கு எத்தனை சொற்கள் தெரியும்! அவா, ஆவல், நாட்டம், வேட்கை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அதில் ஒன்றைக்கூட அப்பாவிடம் கொடுக்க முடியாது. கொடுத்தால் அதை எந்தக் கையால் வாங்குவது என்று அவருக்குத் தெரியாது.

“எனக்குப் பள்ளிக்கூடத்தத் தேடுதுப்பா.”

“தேடுதா?”

“தேடுதுப்பா.”

அப்பா கொஞ்சநேரம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் சாத்தூரிலிருந்து வேலைக்காக இங்கே வந்தபோது, அக்காவைத் தேடுது என்று அழுது மூன்று முறை நடந்தே திரும்பிப் போனவர் அவர். அதை அத்தையே சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது அக்காவைப் பார்த்து, “அக்கா, காப்பி ஆறுது. குடிங்க,” என்றார். அத்தைக்குப் புரிந்துவிட்டது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் காப்பியை எடுத்தாள். சோடாக் கடைக்காரர் நிம்மதியாக இரண்டு முறுக்குத் தின்றார்.

மறுநாள் மனுவில் கட்டைவிரல் வைக்கும்போது, “எங்கன வைக்கணும்?” என்று மட்டும் அப்பா கேட்டார்.

நான் பயிற்சிப் பள்ளிக்குப் புறப்பட்ட அதே வாரம் மதினி குடும்பமும் பெஜவாடாவுக்குப் புறப்பட்டது. அங்கே அவளுக்குக் கடிதம் எழுத ஆளில்லை. அண்ணன்தான் எப்போதாவது நாலு வரி எழுதுவார். கடைசியாக வந்ததில் இப்படி இருந்தது: “உன் மதினி அக்கம்பக்கத்தில் தெலுங்கு விசாரித்துக்கொண்டிருக்கிறாள். ஆசைக்கு இங்கேயும் ஆசை மாதிரியே ஒரு சொல் இருக்கிறதாம், ஆனால் அளவு வேறாம். தேடுவதற்கு பெங்க என்கிறார்கள். முக்கால்வாசிதான் சரியாக இருக்கிறது என்கிறாள். இதனால் எதிர்வீட்டு அம்மாளோடு பேச்சுவார்த்தை இல்லை.”

இரண்டு வருடப் பயிற்சி முடியப் போகிறது. நாளைக்கு எனக்கு மாதிரிப் பாடம். அதில் தேறினால்தான் டீச்சர். எட்டாம் வகுப்புத் தமிழ். எனக்கு விழுந்த தலைப்பு, ‘ஒரு பொருள் தரும் பல சொற்கள்.’ புத்தகத்தில் உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: ஆசை, அவா, ஆவல், விருப்பம், வேட்கை. மேற்பார்வை ஆசிரியை சிவப்புப் பென்சிலைக் காதில் செருகியே தூங்குவார் என்று விடுதியில் சொல்வார்கள். பாடக்குறிப்பில் புத்தகத்துக்கு மாறாக ஒரு கமா இருந்தாலும் விடமாட்டார். புத்தகத்தில் உள்ளபடியே எழுதிக் கொடுத்துவிடு என்று அறைத்தோழி சொன்னாள்.

புத்தகத்தில் உள்ளபடிதான் எழுதினேன். பிறகு தலைப்பில் ‘தரும்’ என்பதை மட்டும் அடித்துவிட்டு ‘தராத’ என்று மேலே எழுதினேன். சொற்களின் வரிசையில் கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன்: தேடுது. அதற்கு நேராக, எழுவாய் என்று நானே ஒரு கட்டம் போட்டு, ‘இல்லை, அதுவாகத் தேடும்’ என்று எழுதினேன். சிவப்புப் பென்சிலுக்கு வசதியாக ஓரத்தில் நிறைய இடமும் விட்டு, சாயங்காலமே குறிப்பேட்டைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.